உடைந்த சைக்கிளும் உடையாத மனமும்

தோற்றுப் போனவர்களுக்குச் சிலை வைப்பது உலக வழக்கம் அல்ல. வென்றவர்களுக்குத்தான் மாலை, வென்றவர்களுக்குத்தான் சிலை. ஆனால் பிரான்சு நாட்டிலே, பிரனீஸ் மலைகளுக்கு நடுவே உள்ள ஒரு சின்னஞ்சிறு கிராமத்திலே, பந்தயத்தில் தோற்றுப்போன ஒருவருக்குச் சிலை இருக்கிறது.

அவர் ராஜா அல்ல. படைத்தலைவரும் அல்ல. பூட்டு வேலை செய்த ஒரு தொழிலாளி. பிறகு சைக்கிள் வீரர் ஆனார். அவருடைய பெயர் யூஜின் கிறிஸ்டோப்.

உலகத்திலேயே மிகப் பெரிய சைக்கிள் பந்தயம் டூர் டி பிரான்சு. பிரான்சு நாட்டையே சுற்றி வரும் பந்தயம் அது. கிறிஸ்டோப் அந்தப் பந்தயத்தில் 11 தடவை ஓட்டினார். ஒரு தடவைகூட முதல் பரிசு வாங்கவில்லை. இரண்டு தடவை பரிசு கைக்கு எட்டியது, வாய்க்கு எட்டவில்லை. ஆனாலும் பரிசு வாங்கிய பல பேரை மறந்துவிட்ட மக்கள், இவரை மறக்கவில்லை. ஏன்? அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

பூட்டுப் பட்டறைப் பையன்

1885-ம் ஆண்டு ஜனவரி மாதம் 22-ந் தேதி, பாரிஸ் நகரத்தை ஒட்டிய மலாகோப் என்ற ஊரில் கிறிஸ்டோப் பிறந்தார். சிறு வயதிலேயே பூட்டுத் தொழில் பழகினார். இரும்பை அறுப்பது, அரத்தால் ராவுவது, சூடு காட்டி வளைப்பது, துளை போடுவது எல்லாம் அவருக்குக் கை வந்த கலையாயிற்று. இந்தத் தொழில்தான் பின்னாளில் ஒரு பெரிய சோதனையிலே அவருக்குக் கை கொடுத்தது.

அந்தக் காலத்திலே பிரான்சில் சைக்கிள் மோகம் பிடித்து ஆட்டியது. சினிமா அப்போதுதான் பிறந்திருந்தது. ரேடியோ வரவில்லை. ஊர் விட்டு ஊர் ஓடும் சைக்கிள் பந்தயம்தான் ஏழை எளியவர்களின் திருவிழா. சாலையின் இரு பக்கமும் நின்று, காசு கொடுக்காமல் பார்க்கலாம் அல்லவா? பந்தயத்தில் ஓட்டியவர்களும் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே. புகைக்கூண்டு சுத்தம் செய்தவர்கள், சுரங்கக் கூலிகள், கொத்தனார்கள், பட்டறைத் தொழிலாளிகள் இப்படிப்பட்டவர்கள்தான் சைக்கிளில் ஏறினார்கள். பட்டறையில் ஆண்டு முழுவதும் உழைத்தாலும் கிடைக்காத பணம், ஒரே பந்தயத்தில் கிடைக்கக் கூடும்.

கிறிஸ்டோப்பும் சைக்கிளில் ஏறினார். 1904-ம் ஆண்டில் அதையே தொழிலாகக் கொண்டார். 1906-ம் ஆண்டில் முதல் தடவையாக டூர் டி பிரான்சில் ஓட்டி, 9-வதாக வந்தார். அப்போது அவருக்கு வயது 21.

அந்தக் காலத்துச் சைக்கிள்

இன்றைய பந்தய சைக்கிளைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் காலத்துச் சைக்கிளை நினைத்துப் பார்ப்பதே கஷ்டம். அது கனமான இரும்பு வண்டி. மேட்டுக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளும் கியர் வசதி கிடையாது. டூர் டி பிரான்சு பந்தயத்தில் அப்படிப்பட்ட கியர் 1937-ம் ஆண்டில்தான் அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் பல் சக்கரம் இருக்கும். மலை வந்தால் வீரர் கீழே இறங்க வேண்டும். பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். திருப்பிப் போட்டு, செயினை மாட்டி, மறுபடியும் ஏற வேண்டும்.

சாலைகளோ தார் காணாதவை. வெயில் காலத்திலே புழுதி. மழைக் காலத்திலே சேறு. டயர் பஞ்சர் ஆனால் தானே மாற்ற வேண்டும். அதற்காக உதிரி டயர்களைத் தோளிலே மாலைபோல் சுற்றிக்கொண்டு ஓட்டுவார்கள். ஒரு நாள் ஓட்டம் 300 கிலோ மீட்டர், 400 கிலோ மீட்டர் என்று இருக்கும். நடு இரவிலும் விடியற்காலையிலும் புறப்பட்டு, மாலையில் போய்ச் சேருவார்கள்.

இதற்கு எப்படிப் பயிற்சி செய்வது? நல்ல சாலையில், நல்ல வெயிலில் ஓட்டிப் பழகினால் போதுமா? போதாது என்று கிறிஸ்டோப் கண்டார்.

குளிர் காலப் பயிற்சி

ஐரோப்பாவில் குளிர் காலம் வந்துவிட்டால் சாலைப் பந்தயங்கள் நின்றுவிடும். பல வீரர்கள் அடுப்பங்கரையிலே உட்கார்ந்து குளிர் காய்வார்கள். வசந்த காலம் வந்ததும் உடம்பைச் சரி செய்துகொள்ளலாம் என்று இருப்பார்கள்.

ஆனால் வேறொரு வகைப் பந்தயம் குளிர் காலத்திலேதான் நடந்தது. அதற்குச் சைக்கிள் கிராஸ் என்று பெயர். சாலையை விட்டு, காடு மேடு, உழுத வயல், சேறு, ஓடை எல்லாவற்றிலும் சைக்கிளோடு ஓட வேண்டும். ஓட்ட முடிந்த இடத்தில் ஓட்டலாம். முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். குதிரையில் போன நண்பரோடு காட்டு வழியில் தானும் சைக்கிளில் போன தானியல் கூசோ என்ற பட்டாள வீரர்தான் இந்தப் பந்தயத்தைத் தொடங்கி வைத்தவர் என்று சொல்வார்கள். பிரான்சு முழுவதற்குமான முதல் சைக்கிள் கிராஸ் போட்டி 1902-ம் ஆண்டில் நடந்தது.

இந்தச் சேற்றுப் பந்தயம் கிறிஸ்டோப்புக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. 1909-ம் ஆண்டு முதல் 1914-ம் ஆண்டு வரை தொடர்ந்து 6 ஆண்டுகள் அவரே பிரான்சின் சைக்கிள் கிராஸ் சாம்பியன். பிறகு 1921-ம் ஆண்டில், 36-வது வயதில், ஏழாவது தடவையாக அந்தப் பட்டத்தை வென்றார்.

குளிரில் பயிற்சி செய்வதால் என்ன லாபம் என்று கேட்கலாம். மனித உடம்பு விசித்திரமானது. கடுங்குளிர் தாக்கினால் அது முதலில் இதயத்தையும் வயிற்றையும் காப்பாற்றப் பார்க்கும். கைக்கும் காலுக்கும் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். விரல்கள் மரத்துப் போகும். பிரேக் பிடிக்க வராது. தின்பண்டத்தைப் பையிலிருந்து எடுக்க வராது. துணி நனைந்துவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம். ஈரத் துணி உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். மலை ஏறும்போது உழைப்பினால் உடம்பு சூடாக இருக்கும். இறங்கும்போதோ உழைப்பும் இல்லை. எதிர்க் காற்றோ ஊசியாகக் குத்தும். ஆகவே குளிர் நாளில் ஏற்றத்தைவிட இறக்கமே கொடியது.

இதையெல்லாம் அனுபவத்தில் அறிந்தவர்கள் பனியனுக்குள்ளே பழைய செய்தித்தாளைச் செருகிக்கொள்வார்கள். காற்று நெஞ்சில் படாது. உடம்பை ஓயவிடாமல் அசைத்துக்கொண்டே இருப்பார்கள். ஓட்ட முடியாதபோது இறங்கி ஓடுவார்கள். சைக்கிள் கிராஸ் கற்றுக் கொடுத்த பாடங்கள் இவைதாம். 1910-ம் ஆண்டு டூர் டி பிரான்சில் வென்ற ஒக்தாவ் லாபீஸ் என்ற வீரரும், சைக்கிள் கிராஸ் பயிற்சியினால்தான் தமக்கு அந்த வெற்றி கிடைத்ததாகச் சொன்னார். அதன்பிறகு சாலை வீரர்கள் பலரும் குளிர் காலத்தில் சேற்றில் இறங்கத் தொடங்கினார்கள்.

அதே 1910-ம் ஆண்டில்தான் கிறிஸ்டோப்புக்கு முதல் பெரிய சோதனை வந்தது.

பனிப் புயல்

இத்தாலியில் மிலான் நகரிலிருந்து கடற்கரை ஊரான சான் ரெமோவுக்கு ஆண்டுதோறும் ஒரு பந்தயம் நடந்து வந்தது. தூரம் சுமார் 290 கிலோ மீட்டர். அதாவது ஏறக்குறைய 180 மைல். வழியிலே துர்க்கினோ என்ற கணவாயைத் தாண்ட வேண்டும். அதன் உயரம் 532 மீட்டர்தான். சாதாரண நாளில் அது ஒரு பெரிய மலையே அல்ல. கணவாயைத் தாண்டினால் கடலும் வெயிலும் வரவேற்கும்.

1910-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3-ந் தேதி. விடியற்காலை 6 மணி. அறுபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் மிலானில் புறப்பட்டார்கள். வசந்த காலம்தான். ஆனால் அன்றைக்கு வானம் சதி செய்தது. மழையும் பனியும் மாறி மாறி அடித்தன. சாலை முழுவதும் உறைந்த சேறு. வீரர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

துர்க்கினோ ஏற்றத்தில் பெல்ஜியம் நாட்டு வீரர் வான் ஹாவர்ட் முதலில் போனார். கிறிஸ்டோப் பின்னால் போனார். கை விரல்கள் கெட்டியாகிவிட்டன. கால் மரத்துவிட்டது. உடம்பெல்லாம் நடுங்கியது. பல இடங்களில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினார்.

கணவாயைத் தாண்டியதும் வெயில் வரவில்லை. பனிதான் வந்தது. சாலையை ஒரு சாண் உயரத்துக்கு மூடிக் கிடந்தது. முன்னால் போன வான் ஹாவர்ட்டைக் கிறிஸ்டோப் வழியில் கண்டார். அவர் பந்தயத்தை விட்டுவிட்டு நின்றார். கிறிஸ்டோப் நிற்கவில்லை. ஆனால் கொஞ்ச தூரம் போனதும் வயிற்றில் கடுமையான வலி. ஒரு கை சைக்கிளில். ஒரு கை வயிற்றில். சாலையோரப் பாறையிலே சாய்ந்துவிட்டார். அப்படியே தூங்கிவிட்டால் பிறகு எழுந்திருக்கவே முடியாது. அது அவருக்கும் தெரியும்.

நல்ல காலம், அந்த வழியாக ஒரு மனிதர் வந்தார். கிறிஸ்டோப்புக்கு இத்தாலி மொழி தெரியாது. வீடு என்ற ஒரே சொல்லை மட்டும் எப்படியோ சொன்னார். அந்த மனிதர் அவரைக் கைத்தாங்கலாகப் பக்கத்திலிருந்த சத்திரத்துக்குக் கொண்டுபோனார். சத்திரக்காரர் ஈரத் துணியைக் கழற்றி, கம்பளியால் போர்த்தினார். கிறிஸ்டோப் படுக்கவில்லை. கையையும் காலையும் நீட்டி மடக்கித் தேகப்பயிற்சி செய்தார். மெல்ல மெல்ல ரத்தம் ஓடத் தொடங்கியது.

சிறிது நேரத்தில் வான் ஹாவர்ட்டும் இன்னொரு வீரரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். குளிர் தாங்காமல் கைகளை நெருப்புக்குள்ளேயே நீட்டாத குறைதான். இனிமேல் ஓட்ட முடியாது என்று இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஜன்னல் வழியாகக் கிறிஸ்டோப் பார்த்தார். சேறு அப்பி, அடையாளமே தெரியாத நாலு உருவங்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தன. பந்தயம் இன்னும் முடியவில்லை! உடனே எழுந்தார்.

சத்திரக்காரரோ விட மறுத்தார். இந்தப் பனியில் போனால் பிழைக்கமாட்டார் என்று அவர் பயந்தார். ஆகவே கிறிஸ்டோப் ஒரு பொய் சொல்ல வேண்டியதாயிற்று. கொஞ்ச தூரத்தில் ஒருவரைச் சந்தித்து, அங்கிருந்து ரெயிலில் போய்விடுவதாகச் சொல்லித் தப்பித்தார். அங்கே கிடைத்த ஒரு நீளக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

முன்னால் போன நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பிடித்தார், தாண்டினார். கடற்கரைச் சாலை வந்தது. பிறகு அவர் முன்னாலும் ஆள் இல்லை. பின்னாலும் ஆள் இல்லை. மாலையில் சான் ரெமோ போய்ச் சேர்ந்தார். 12 மணி 24 நிமிட நேரம் ஓட்டியிருந்தார். முதல் பரிசு அவருக்கே!

அடுத்த வீரர் வந்து சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவரும் வழியில் மோட்டாரில் வந்தது தெரிந்து நீக்கப்பட்டார். அவரைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், இரண்டாவது இடம் பெற்றவர் கிறிஸ்டோப்புக்கு ஒரு மணி நேரம் பின்னால் வந்தவர். காலையில் புறப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்டவர்களில், பந்தயத்தை ஒழுங்காக முடித்தவர்கள் நாலே பேர்.

அந்த வெற்றிக்குக் கிறிஸ்டோப் கொடுத்த விலை பெரிது. பனிக்கடியால் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பழைய பலம் திரும்ப இரண்டு ஆண்டுகள் ஆயின.

மறுபடியும் களத்தில்

1912-ம் ஆண்டு டூர் டி பிரான்சில் பழைய கிறிஸ்டோப்பை ஜனங்கள் மறுபடியும் கண்டார்கள். அடுத்தடுத்து மூன்று நாள் ஓட்டங்களில் முதலாவதாக வந்தார். ஆல்ப்ஸ் மலைகளைத் தாண்டி கிரனோபிள் நகருக்கு வந்த ஓட்டத்தில், 315 கிலோ மீட்டர் தூரம் துணையில்லாமல் தனியாகவே முன்னால் ஓட்டினார். கடைசியில் இரண்டாவது இடம் கிடைத்தது. பெல்ஜியம் வீரர் ஓடில் டிப்ரே முதல் பரிசு பெற்றார். அடுத்த ஆண்டு பரிசு கிறிஸ்டோப்புக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டும் வந்தது. 1913. அந்த ஆண்டை சைக்கிள் உலகம் இன்றுவரை மறக்கவில்லை.

தூர்மலே மலை

ஜூலை மாதம் 9-ந் தேதி. பந்தயத்தின் ஆறாவது ஓட்டம். பாயோன் நகரிலிருந்து லூஷோன் என்ற ஊர் வரை 326 கிலோ மீட்டர். அவ்வளவும் மலைப் பாதை. விடியற்காலை 3 மணிக்கே வீரர்கள் புறப்பட்டுவிட்டார்கள்.

அன்று காலையில் டிப்ரே முதலிடத்தில் இருந்தார். கிறிஸ்டோப் இரண்டாவது இடத்தில் இருந்தார். மலை ஏற ஏற டிப்ரே களைத்துப் பின்தங்கிவிட்டார். 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே மலையின் உச்சியை பிலிப் தீஸ் என்ற பெல்ஜியம் வீரர் முதலில் தாண்டினார். அடுத்தவர் கிறிஸ்டோப். மொத்தக் கணக்கில் பார்த்தால் இப்போது கிறிஸ்டோப்தான் முதல்வர். இனி இறக்கம். பிறகு இரண்டு மலைகள். அவ்வளவுதான்.

இறக்கத்தில் வேகமாக வந்துகொண்டிருந்தபோது சைக்கிள் ஒரு மாதிரியாக ஆடியது. பார்த்தார். தலையில் இடி விழுந்ததுபோல் ஆயிற்று. முன் போர்க் உடைந்திருந்தது!

ஹாண்டில்பாருக்குக் கீழே, முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புதான் போர்க். பஞ்சர் ஆனால் ஒட்டலாம். செயின் அறுந்தால் மாட்டலாம். போர்க் உடைந்தால் சைக்கிள் வெறும் இரும்புதான்.

இந்தக் காலமாக இருந்தால் பின்னால் வரும் மோட்டாரிலிருந்து வேறு சைக்கிளை இறக்கித் தந்துவிடுவார்கள். அந்தக் காலத்துச் சட்டம் அப்படி அல்ல. வீரர் யாருடைய உதவியையும் பெறக் கூடாது. எது உடைந்தாலும் தானே பழுது பார்க்க வேண்டும். வேறு சைக்கிள் வாங்கக் கூடாது. பிறர் கை பட்டால் தண்டனை.

கிறிஸ்டோப் அழுதார். கோபத்திலே அழுதார். பின்னால் விட்டுவந்த வீரர்கள் எல்லாம் அவரைத் தாண்டிப் போனார்கள். பந்தயத்தை விட்டுவிடுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அவர் விடவில்லை. சைக்கிளைத் தோளில் தூக்கினார். முன் சக்கரத்தைக் கையில் பிடித்தார். மலையிலிருந்து நடந்தும் ஓடியும் இறங்கத் தொடங்கினார். குளிர் காலச் சேற்றில், சைக்கிளைத் தோளில் சுமந்து ஓடிப் பழகிய பழக்கம் இப்போது உதவியது. பத்துக் கிலோ மீட்டருக்கு மேல் அப்படியே வந்தார். சுமார் இரண்டு மணி நேரம் ஆயிற்று. மலையடியில் சாந்த் மாரி த காம்பான் என்ற கிராமம் தென்பட்டது.

கொல்லன் பட்டறை

கிராமத்தில் ஒரு சிறுமி எதிர்ப்பட்டாள். ஊரின் மறுகோடியில் இருந்த கொல்லன் பட்டறையை அவள்தான் காட்டினாள். கொல்லர் லெகோம்த் நல்ல மனிதர். தாமே சரிசெய்து தர முன்வந்தார். ஆனால் பந்தய அதிகாரிகள் பின்னாலேயே வந்துவிட்டார்கள். கொல்லர் வாயால் சொல்லலாம். கையால் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள்.

கிறிஸ்டோப் தாமே உலை முன்னால் நின்றார். பழைய பூட்டுத் தொழிலாளி அல்லவா? கொல்லர் கொடுத்த இரும்புக் குழாயை வெட்டினார். நெருப்பிலே காய்ச்சினார். சம்மட்டியால் தட்டினார். உடைந்த போர்க்கோடு சேர்த்துப் பற்ற வைக்க வேண்டும். ஒரு கையால் இரும்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தட்டும்போது, துருத்தியை ஊத மூன்றாவது கை ஏது? பக்கத்தில் நின்ற ஒரு சிறு பையன் துருத்தியை ஊதினான். அதிகாரிகள் அதையும் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள்!

நேரம் போய்க்கொண்டே இருந்தது. காவல் நின்ற அதிகாரிகளுக்குப் பசித்தது. ஏதாவது வாங்கித் தின்று வரலாமா என்று பார்த்தார்கள். கிறிஸ்டோப்புக்கு வந்ததே கோபம்! பசித்தால் கரியைத் தின்னும்படியும், தாம் கைதி என்றால் அவர்கள் காவலர்கள் என்றும், ஆகவே வேலை முடியும்வரை நகரக் கூடாது என்றும் அவர் சொன்னதாகச் சொல்வார்கள்.

கடைசியில் போர்க் சேர்ந்தது. சக்கரத்தை மாட்டினார். கொஞ்சம் ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டார். எதிரே இன்னும் இரண்டு மலைகள் நின்றன. ஏறினார், இறங்கினார். தம் கையால் ஒட்டிய போர்க்கை நம்பி, இருட்டும் வேளையில் மலைச் சரிவில் இறங்குவது என்றால் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

லூஷோன் ஊருக்குள் அவர் நுழைந்தபோது, முதலாவதாக வந்த தீஸுக்கும் அவருக்கும் இடையே ஏறக்குறைய 4 மணி நேர வித்தியாசம். அன்று அவருக்குக் கிடைத்த இடம் 29. இவ்வளவு பாடுபட்டு வந்தவருக்கு அதிகாரிகள் என்ன கொடுத்தார்கள்? தண்டனை கொடுத்தார்கள்! சிறுவன் துருத்தி ஊதியதற்காக 10 நிமிடம் கூட்டினார்கள். பிறகு அதை 3 நிமிடமாகக் குறைத்தார்கள்.

மறுநாள் கிறிஸ்டோப் ஊருக்கு ரெயில் ஏறவில்லை. மற்றவர்களோடு வரிசையில் நின்றார். மீதமிருந்த ஓட்டங்கள் அத்தனையும் ஓட்டினார். 140 பேர் புறப்பட்ட அந்தப் பந்தயத்தில் 25 பேரே பாரிஸ் திரும்பினார்கள். கிறிஸ்டோப் ஏழாவதாக வந்தார். தீஸ் முதல் பரிசு பெற்றார்.

மஞ்சள் பனியன்

1914-ம் ஆண்டில் பந்தயம் முடிந்த சில நாட்களில் உலக யுத்தம் மூண்டது. சைக்கிள் வீரர்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். டூர் டி பிரான்சில் வென்றவர்களான லாபீஸ், பாபேர், பெத்தி-பிரெத்தோன் ஆகிய மூவரும் அந்த யுத்த காலத்திலேயே மாண்டார்கள்.

1919-ம் ஆண்டில் மறுபடியும் பந்தயம் நடந்தது. குண்டு விழுந்து சாலைகள் குண்டும் குழியுமாகக் கிடந்தன. டயருக்குப் பஞ்சம், உணவுக்கும் பஞ்சம். சுமார் 70 பேர் புறப்பட்டார்கள். கிறிஸ்டோப்புக்கு வயது 34. விளையாட்டு வீரருக்கு அது கிழ வயது. ஜனங்கள் அவரைக் கிழவர் என்றே செல்லமாக அழைத்தார்கள். ஆனால் கிழவர்தான் முதலிடத்துக்கு வந்துவிட்டார்!

அந்தப் பந்தயத்தை நடத்தியது லோட்டோ என்ற விளையாட்டுப் பத்திரிகை. கூட்டமாகப் போகும் வீரர்களிலே முதலிடத்தில் இருப்பவர் யார் என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே முதல்வருக்கு மட்டும் தனி நிறத்தில் பனியன் கொடுக்க முடிவு செய்தார்கள். பத்திரிகை அச்சாகும் தாள் மஞ்சள் நிறம். பனியனும் மஞ்சள் நிறமாயிற்று. ஜூலை மாதம் 19-ந் தேதி, கிரனோபிள் நகரில், அந்த மஞ்சள் பனியனை முதன்முதலாக அணிந்தவர் கிறிஸ்டோப்பே. இன்று உலகமெங்கும் சைக்கிள் வீரர்கள் கனவு காணும் பனியன் அது. ஆனால் அன்றைக்கு அதைப் பார்த்தவர்கள் மஞ்சள் குருவி என்று கேலி செய்தார்கள். அவருக்கு அது பிடிக்கவே இல்லை!

இன்னும் இரண்டே ஓட்டங்கள் மீதி. இரண்டாவது இடத்தில் இருந்த பர்மின் லாம்போவைவிட, கிறிஸ்டோப் 28 நிமிடம் முன்னால் இருந்தார். மெட்ஸ் நகரிலிருந்து டன்கர்க் வரை 468 கிலோ மீட்டர் ஓட்டம். யுத்தம் நடந்த பூமி. கற்கள் பெயர்ந்த சாலை. வாலென்சியென் நகருக்குப் பக்கத்தில் வந்தபோது சைக்கிள் ஆடியது. கிறிஸ்டோப் கீழே பார்த்தார்.

முன் போர்க் உடைந்திருந்தது!

ஆறு ஆண்டுகளுக்கு முன் மலையில் நடந்தது சமவெளியிலும் நடந்துவிட்டது. இந்தத் தடவை அருகிலேயே ஒரு சிறு சைக்கிள் தொழிற்சாலை இருந்தது. அங்கே போய், மறுபடியும் தம் கையாலேயே பழுது பார்த்தார். அதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மஞ்சள் பனியன் லாம்போவுக்குப் போய்விட்டது. கடைசி ஓட்டத்திலும் பஞ்சருக்கு மேல் பஞ்சர். மொத்தம் 5,560 கிலோ மீட்டர் பந்தயத்தில் பத்துப் பேர் மட்டுமே வரிசையில் இடம் பெற்றார்கள். கிறிஸ்டோப் மூன்றாவது.

ஜனங்கள் கொடுத்த பரிசு

பாரிஸ் மக்களுக்குப் பொறுக்கவில்லை. வென்றவர் நியாயமாகத்தான் வென்றார். ஆனால் தோற்றவர் செய்த குற்றம் என்ன? லோட்டோ பத்திரிகை கிறிஸ்டோப்புக்காக நிதி திரட்டியது. ஏழைகளும் பணக்காரர்களும் தங்களால் ஆனதை அனுப்பினார்கள். மொத்தம் 13,310 பிராங்க் சேர்ந்தது. முதல் பரிசு வாங்கியவருக்குக் கிடைத்ததற்கு இது குறைந்ததல்ல.

அடுத்த ஆண்டு, 35-வது வயதில், போர்டோவிலிருந்து பாரிஸ் வரை இரவும் பகலுமாக ஓட்டும் நெடுந்தூரப் பந்தயத்தில் கிறிஸ்டோப் முதலாவதாக வந்தார். அதே ஆண்டில் பாரிஸ் – தூர் பந்தயத்திலும் வென்றார். 1922-ம் ஆண்டில், 37-வது வயதில், டூர் டி பிரான்சில் மறுபடியும் மஞ்சள் பனியன் அணிந்தார். அந்த வயதில் அதை அணிந்தவர் வேறு யாரும் இல்லை. ஆனால் விதி அவரை விட்டபாடில்லை. அந்த ஆண்டும் ஆல்ப்ஸ் மலையில், காலிபியே கணவாயில் இறங்கும்போது போர்க் உடைந்தது! மூன்றாவது தடவை! அப்போதும் அவர் பந்தயத்தை விடவில்லை. எட்டாவதாக வந்தார்.

1925-ம் ஆண்டில் கடைசித் தடவையாக டூர் டி பிரான்சில் கலந்துகொண்டார். அப்போது வயது 40. 18-வதாக வந்தார். 11 தடவை புறப்பட்டு 8 தடவை முழுமையாக முடித்தவர் என்ற பெருமையோடு, 1926-ம் ஆண்டில் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

நிலைத்த பெயர்

பெடலில் கால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் கிளிப்பும் வாரும் அவருடைய பெயரிலே விற்பனைக்கு வந்தன. கிறிஸ்டோப் என்று பொறித்த அந்தக் கிளிப்பை, பின்னாளில் பல தேசத்துச் சைக்கிள் வீரர்கள் பெடலில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்பதே தெரியாது.

1951-ம் ஆண்டில், சாந்த் மாரி த காம்பான் கிராமத்துப் பட்டறைச் சுவரில் ஒரு நினைவுக் கல் பதித்தார்கள். உடைந்த போர்க்கைத் தம் கையாலேயே ஒட்டிக்கொண்டு மலை ஏறிய வீரரின் கதையை அது சொல்கிறது. கிறிஸ்டோப் 1970-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1-ந் தேதி, 85-வது வயதில், பாரிஸ் நகரில் காலமானார். அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, அதே கிராமத்தில் அவருக்குச் சிலையும் எழுந்தது. தூர்மலே மலைக்குச் சைக்கிளில் வருபவர்கள் அங்கே இறங்கிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அவர் பட்டறையில் கற்ற தொழில், சேற்றில் சுமந்து ஓடிய சைக்கிள், பனியில் பழகிய உடம்பு இவற்றில் எதுவும் வீண் போகவில்லை. எந்த நாளில், எந்த மலையில், எது கை கொடுக்கும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? கற்றுக்கொள்ள வேண்டியதுதான் நம்முடைய வேலை. பரிசு கிடைக்கலாம்; கிடைக்காமலும் போகலாம். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கத் தெரிந்தவன் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவான்.